சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைக் கவிஞர்கள் விரும்பிப் படிப்பதில்லை. பிரிவு, உட்பிரிவு, விளக்கம், விதிவிலக்கு என்று வறண்டு செல்லும் அந்த நடையில் கற்பனைக்கு இடமில்லை என்பது பொதுவான எண்ணம். ஆயினும் ஒரு சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள், ஒரு குலத்துப் பெண்களின் தலைமுறைகளையே திருப்பிவிடக் கூடும். தேவரடியார் என்னும் சொல்லின் வரலாறு அத்தகையது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கும் அளித்ததை முதலாம் இராசராசன் கல்லில் பொறித்தான். அந்தக் கல்வெட்டில் பெருமையோடு நின்ற பெயர், காலம் உருண்டோடிய பின் தெருச்சண்டையில் வீசப்படும் வசைச்சொல்லாயிற்று. அந்த வீழ்ச்சிக்கும் அதை முடித்துவைக்க எழுந்த சட்டத்திற்கும் இடையில் நிற்கும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சிறுமி

1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். கோயிற் பணியோடும் இசையோடும் நடனத்தோடும் பிணைந்திருந்த அம்மரபின் பெருமையும் இழிவும் ஒருசேர அந்த வீட்டின் வாசலில் நின்றன. ஊர் மதித்த தந்தைக்கும் ஊர் ஏசிய மரபில் வந்த தாய்க்கும் மகளாக வளர்ந்தவருக்கு, பிறப்பைக் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவது எத்தகைய கொடுமை என்பதை நூல்களிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

பெண்கள் எழுத்தறிவதே அரிதாக இருந்த காலத்தில் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். மேற்கொண்டு படிக்க ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியைத் தவிர வேறு வழியில்லை. எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற முத்துலட்சுமி, 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் சூழ மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பெண் என்பதால் தம் பணிக்குத் தடை வரலாகாது, இருவரும் நிகரானவராக வாழ வேண்டும் என்ற உடன்பாட்டின் மேல் அமைந்த இல்வாழ்க்கை அது. சடங்கை விடுத்து 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அம்மணம் பதிவாயிற்று. மரபு தராத மதிப்பைச் சட்டம் தரக்கூடும் என்ற உண்மையை அவர் முதலில் தம் சொந்த வாழ்விலேயே கண்டார் எனலாம்.

மன்றத்தின் வாயில்

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்படி அமைந்த சென்னைச் சட்ட மேலவை, 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னைதான். ஆனால் வாக்களிக்கலாமே அன்றி உறுப்பினராக அமர இயலாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. அத்தடை நீங்கியதும், அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினரானார். இந்திய மாகாணச் சட்டமன்றங்களில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

மருத்துவராகப் பழகிய கண்ணோடு அவர் மன்றத்தை அணுகினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பள்ளிச் சிறுமியருக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்கல்விக்குக் கூடுதல் நிதி என்று அவர் எழுப்பிய கோரிக்கைகள் எல்லாம் மருத்துவமனைக் கட்டிலருகே கண்ட துயரங்களிலிருந்து பிறந்தவை. பன்னிரண்டு வயதில் தாயாகி மாண்ட சிறுமியரைக் கண்ட மருத்துவருக்குக் குழந்தை மணம் என்பது வெறும் விவாதப் பொருளாக இருக்க இயலுமா? மண வயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்தை அவர் மேலவையில் கொண்டுவந்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்த சாரதா சட்டம் மைய அவையில் 1929இல் நிறைவேறியபோது, மாகாணங்களிலிருந்து எழுந்த ஆதரவுக் குரல்களில் அவர் குரலும் ஒன்று. விபசார விடுதிகளை ஒடுக்கும் சென்னைச் சட்டம் 1930இல் உருவானதிலும் அவருடைய உழைப்பு உண்டு.

நிலத்தில் கட்டிய முடிச்சு

எல்லாவற்றினும் மேலாக அவர் பெயரை நிலைநிறுத்தியது, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியே.

அவ்வழக்கத்தைத் தாங்கி நின்றது பக்தி மட்டும் அன்று. அதன் அடியில் நிலம் இருந்தது. கோயிலில் ஆடவும் பாடவும் விளக்கேந்தவும் கடமைப்பட்ட பெண்ணுக்கு இனாமாக நிலம் விடப்பட்டிருந்தது. சில இடங்களில் நிலமே அவளுடையது. சில இடங்களில் அந்நிலத்தின் வரி வருவாய் மட்டும் அவளுக்கு உரியது. எவ்வாறாயினும் பணி இருக்கும் வரையில்தான் மானியம். முதியவள் தளர்ந்தால், அவளுக்குப் பின் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி கோயிலுக்குக் கட்டப்பட வேண்டும். கட்டப்படாவிட்டால் நிலம் கை மாறும். ஆகவே தலைமுறைக்கு ஒரு சிறுமியேனும் பொட்டுத் தாலிக்குக் கழுத்தை நீட்ட நேர்ந்தது. பெற்ற தாயே மகளை அழைத்துச் சென்றாள் என்று உலகம் பழித்தது. வயிற்றுக்குச் சோறிடும் நிலத்தை இழக்க அஞ்சியே அவள் அழைத்துச் சென்றாள் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

தண்டனைச் சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்னும் வினா எழும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்ணை விபசாரத்துக்கு ஒப்படைப்பது 1924ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குற்றமாகவே இருந்தது. ஆனால் நடந்தது சமயச் சடங்கு, அதன் நோக்கம் வேறன்று என்று வாதாடினால் வழக்கு தளர்ந்துவிடும். வயதைக் கூட்டிச் சொன்னாலும் வழக்கு நிற்காது. மைசூர்ச் சமஸ்தானம் 1909-1910 அளவிலேயே தன் கோயில்களில் இம்முறையை நிறுத்தியிருந்தது. சென்னை மாகாணமோ தயங்கி நின்றது.

1927 நவம்பரில் முத்துலட்சுமி அம்மையார் மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இளம்பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது. ஆயினும் தீர்மானம் என்பது பரிந்துரையே அன்றிச் சட்டம் அன்று என்பதை அவர் நன்கறிவார். எனவே மருத்துவர் நோயின் வேரைத் தேடுவது போல, நிலத்தில் விழுந்திருந்த முடிச்சைத் தேடினார். 1926ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் முன்மொழிந்த திருத்தம் 1929இல் நிறைவேறியது. 44ஏ என்ற புதிய பிரிவு அதனால் சேர்ந்தது. இனாம் நிலத்தைக் கோயிற்பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்து, சிறு நிலவரி மட்டும் விதித்து அதை உரிமை நிலமாக்கும் கடமை அரசுக்கு ஏற்பட்டது. அதன்பின் அப்பெண்ணைப் பணிக்கு வருமாறு எவரும் கட்டாயப்படுத்த இயலாது. நிலத்தைக் காக்க மகளைக் கொடுக்க வேண்டும் என்ற நிலை முதன்முறையாக மாறிற்று.

வழக்கத்தைப் பழிக்கும் சொல் ஒன்றுகூட இல்லாத அந்தத் திருத்தம், வழக்கத்தின் ஆணிவேரை அறுத்தது. முழக்கத்தை நம்பாமல் நிலப்பதிவேட்டை நம்பிய அந்த நுட்பமே அம்மையாரின் சட்ட அறிவுக்குச் சான்று.

எதிர்ப்பின் இரு முகங்கள்

நிலமில்லாத பெண்களுக்கு 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பயன் இல்லை. பொட்டுக்கட்டும் சடங்கையும் அது தடை செய்யவில்லை. ஆகவே 1930இல் சடங்கையே சட்டவிரோதமாக்கும் மசோதாவை அம்மையார் கொணர்ந்தார். மக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. மரபையும் கலையையும் முன்னிறுத்தி எஸ். சத்தியமூர்த்தி போன்றோர் மறுத்தனர். காந்தியடிகள் ஆதரித்தார். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் உறுதியாகத் துணைநின்றனர். அம்மரபிலேயே பிறந்து அதை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். பின்னர் 1936இல் தாசிகள் மோசவலை என்னும் நாவலையும் அவர் எழுதி வெளியிட்டார்.

மறுபுறம், எவர் நலனுக்காகச் சட்டம் எழுந்ததோ அப்பெண்களில் ஒரு பகுதியினரே அதை எதிர்த்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் கண்டு, அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். தாசியும் பரத்தையும் ஒன்றல்லர் என்றும், தங்களுக்குள்ள சொத்துரிமையும் கல்வியும் குடும்பப் பெண்களுக்கே இல்லை என்றும், சீர்கேடு இருந்தால் கல்வி தந்து திருத்த வேண்டுமே அன்றி மரபையே அழிக்கலாகாது என்றும் அவர்கள் வாதிட்டனர். அந்த வாதம் வெறுமையானதன்று. மகளே முதல் வாரிசு, பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்னும் அவர்களுடைய வழக்கங்களை ஆங்கிலேய நீதிமன்றங்களே சில வரம்புகளோடு ஏற்றிருந்தன.

இவ்வணியில் நின்றவர்களுள் தலையாயவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் இராதிகா சாந்த்வனத்தை 1910இல் பதிப்பித்து, அது ஆபாசம் என்று அரசு தடைசெய்த போது அஞ்சாமல் நின்றவர். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் பொருளால் எழுப்பி, பெண்கள் அங்குப் பாடும் உரிமைக்கும் வழிவகுத்தவர். ஒருபுறம் அவர், மறுபுறம் முத்துலட்சுமி. ஒரே மரபின் இரண்டு மகளிர், ஒரே துயரத்துக்கு இரண்டு மருந்துகளைச் சொன்னார்கள். இழிவு நீங்கக் கலையையும் உரிமையையும் காக்க வேண்டும் என்றார் ஒருவர். இழிவின் வாயிலையே அடைக்க வேண்டும் என்றார் மற்றவர். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தன் விருப்பத்தைச் சொல்லும் வாய் இல்லையே என்பதுதான் மருத்துவர் பக்கத்துத் தராசைத் தாழ்த்திய எடை.

துறவும் இல்லமும்

1930 மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் மேலவைப் பதவியைத் துறந்தார். தம் கையால் வரைந்த மசோதா அவையில் நிலுவையில் இருக்கும்போது எழுந்து வெளியேறுவது எளிய செயல் அன்று. அவர் சென்றபின் அதை முன்னெடுத்துச் செல்வார் இன்றி அது தேங்கியது. பம்பாய் மாகாணம் 1934இல் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. சென்னையில் 1937இல் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்த பின்னரும் மசோதா சட்டமாகவில்லை. நாட்டின் விடுதலைக்காகத் துறந்த பதவிக்கு, கோயில் வாசலில் நின்ற சிறுமியர் பதினேழு ஆண்டுகளை விலையாகக் கொடுத்தனர் என்று கூறினும் பிழையாகாது.

சட்டம் தேங்கினும் அம்மையார் தேங்கவில்லை. பொட்டுக்கட்டுக்குத் தப்பி ஓடிவந்த இளம்பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தன. அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அதுவே 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் வேரூன்றியது. மணமும் துணையும் நாடாது, தமிழையே துணையாகக் கொண்டு மன்னர் அவை முதல் குடியானவன் திண்ணை வரை தலைநிமிர்ந்து நடந்த பாட்டியாகத் தமிழர் போற்றும் ஒரு புலவரின் பெயரை, ஆதரவற்ற பெண்களின் வீட்டுக்குச் சூட்டினார். சட்டத்தால் மட்டும் ஒரு பெண்ணுக்கு உறங்க இடம் கிடைத்துவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1947ஆம் ஆண்டுச் சட்டம்

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947ஆம் ஆண்டில் சென்னைத் தேவதாசிகள் அர்ப்பணிப்புத் தடைச் சட்டம் நிறைவேறியது. அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தொன்று.

அச்சட்டம் செய்தவை மூன்று. முதலாவது, பெண்ணைத் தேவதாசியாக அர்ப்பணிப்பது சட்டவிரோதம், செல்லாது என்று அறிவித்தது. சடங்கை நடத்துபவர்க்கும் துணைபோவோர்க்கும் ஆறு மாதம் வரை வெறுங்காவலோ, ஐந்நூறு ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாவது, அர்ப்பணிக்கப்பட்டதன் காரணமாக ஒரு பெண் மணம் செய்துகொள்ளும் தகுதியை இழந்துவிட மாட்டாள் என்றது. தெய்வத்தை மணந்தவள் மனிதனை மணக்க இயலாது என்ற பழைய விதி இங்கே முறிந்தது. பொட்டுக் கட்டியவளும் சட்டத்தின் முன் மனைவியாகலாம், அவள் பிள்ளைகள் தந்தை பெயரோடு வாழலாம். அச்சட்டத்தின் ஈரமான பகுதி இதுவே.

மூன்றாவது பகுதி கலைஞர் நெஞ்சைத் தொடுவது. கும்பாரத்தி எடுத்தோ எடுக்காமலோ, கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பெண் ஆடுவதே சட்டவிரோதம் ஆயிற்று. தளிச்சேரிப் பெண்டுகள் ஆடிய மண்டபங்களில் சலங்கை ஓய்ந்தது.

அதற்குள் நடனம் வேறு மேடை கண்டிருந்தது. 1932இன் இறுதியில் சதிரைக் குறித்து அம்மையாருக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் இடையே நாளிதழ்களில் கடும் விவாதம் மூண்டது. அதையொட்டிச் சென்னை மியூசிக் அகாதெமி பரத நாட்டியம் என்னும் பெயரை ஏற்றது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார், மறு ஆண்டில் கலாக்ஷேத்ரா தோன்றியது. மரபுவழிக் குடும்பங்களில் பாலசரஸ்வதி போன்ற பேராற்றல் மிக்க ஒரு சிலரே அக்கலையைப் புதிய மேடையில் தம் உரிமையாக நிலைநாட்டினர். ஏனையோர் சலங்கையைப் பரணில் ஏற்றினர். கலை பிழைத்தது, அதைக் காத்த கைகள் ஒதுங்கின. பெண்வழிச் சொத்தும் அதனால் வந்த அதிகாரமும் காலப்போக்கில் ஆண்கள் பக்கம் சாய்ந்தன என்று பின்னாளில் ஆய்வாளர் சிலர் சுட்டினர்.

இவற்றைக் கூறுவது அம்மையாரின் புகழைக் குறைப்பதாகாது. நல்ல சட்டமும் தான் நோக்காத இடத்தில் வெட்டும் என்பதையே இவ்வரலாறு அறிவுறுத்துகிறது. கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் மீண்டும் புதிய சட்டங்கள் இயற்ற நேர்ந்தது, வறுமை இருக்குமிடத்தில் வழக்கம் எளிதில் சாவதில்லை என்பதற்குச் சான்று. தமிழகத்தில் அவ்வழக்கம் பெரும்பாலும் அற்றுப்போனதற்குச் சட்டத்தோடு பள்ளிக்கூடமும் சுயமரியாதை இயக்கமும் ஔவை இல்லம் போன்ற புகலிடங்களும் துணைநின்றன.

இறுதிப் பணி

இளமையில் புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. அறுபது வயதைக் கடந்த பின்னும் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அலைந்தார், பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். 1956இல் அம்மையார் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 சூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கையில் அவர் வாழ்வு நிறைவுற்றது. ஏழைத் தாய்மார்க்கான தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது.

அவர் மேலவையில் அமர்ந்திருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் அவர் நிறைவேற்றிய சட்டத்திருத்தம் சில பத்திகளே நீளும். ஆனால் அப்பத்திகளுக்குப் பின் பிறந்த எத்தனையோ சிறுமியர், தம் பாட்டியின் பெயரை இனாம் பதிவேட்டில் தேட வேண்டாதவராய்ப் பள்ளிப் பதிவேட்டில் தம் பெயரைக் கண்டனர். சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் அந்த மாற்றத்தின் அளவை அறிவர். தேவரடியார் என்னும் சொல்லை எழுத நேரும் போதெல்லாம், அதில் கல்வெட்டின் நானூறு பெயர்களும், சங்கம் வைத்து விண்ணப்பம் எழுதிய பெண்களின் குரலும், அவர்களுக்கு மாறாக நின்று அவர்களுடைய மகள்களுக்காக வழக்காடிய மருத்துவரின் நெஞ்சும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். எதிரெதிர் நின்ற அவ்விரு தரப்பையும் ஒருசேர நினைப்பதே, அந்தச் சொல்லுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் வழி.